லினக்ஸ் போனில் அலாரம் அடிக்கவில்லை, மல்லாரியும் வரவில்லை

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து, பள்ளியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 54. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது, தான் வைத்திருந்த பைன்போன் என்ற லினக்ஸ் போனை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் ஃபோஷ் என்ற திரை அமைப்பு. பேட்டரி உப்பியிருந்ததால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் கடைத்தெருவில் சாம்சங் ஜே7 பேட்டரி வாங்கிப் போட்டார். போன் எழுந்ததும் தேதி 1970 ஜனவரி 1, நேரம் காலை 5:31. எந்த இணையதளமும் திறக்கவில்லை. “தானியங்கி நேரத்தைப் போட்டால் யாரோ ஒரு சர்வருக்கு நம் விவரம் போகும்” என்று அதை அணைத்தே வைத்திருந்தவர், தெரிந்தவர் சொன்ன கட்டளையைக் கொண்டு உள்கடிகாரத்தில் நேராக நம் நேரத்தை ஏற்றினார். அன்றைக்குச் சரியாக இருந்தது. மறுநாள் ரீஸ்டார்ட் செய்ததும் நேரம் ஐந்தரை மணி முந்திப் போய் நின்றது. நேர மண்டலப் பட்டியலில் சென்னையைத் தேடினார், இல்லை. கொல்கத்தாதான் இருக்கிறது. கோளாறு அதனால்தானோ என்பது அவர் சந்தேகம்.

இனி முக்கியமான விஷயம். அவருடைய அம்மாவுக்கு 78 வயது, பார்க்கின்சன் இருக்கிறது. காலை 5 மணிக்கு முதல் மாத்திரை கொடுத்தாக வேண்டும். ஐந்து நாளில் இரண்டு நாள் அலாரம் அடிக்கவில்லை. இரண்டாவது தடவை அவர் கண் விழித்தது 7 மணிக்கு. அம்மா கட்டிலில் புரளக்கூட முடியாமல், கூப்பிடக் குரலும் எழும்பாமல் படுத்திருந்தாராம். “யாராவது கூப்பிட்டால் போன் ஒழுங்காக அடிக்கிறது. அலாரத்துக்கு மட்டும் என்ன கேடு?” என்று கேட்கிறார்.

கடைசியாக ரிங்டோன். மாமனார் நாகஸ்வர வித்வான். இப்போது வாசிப்பதில்லை. சில வருஷங்களுக்கு முன்பு சுவாமி புறப்பாட்டில் அவர் வாசித்த மல்லாரி எம்பி3 கோப்பாக இருக்கிறது. அதை ரிங்டோனாக வைக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. எம்பி3-க்குக் காப்புரிமை இருப்பதால் கட்டற்ற மென்பொருள்காரர்கள் அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார். “இந்தப் போனை ஓரம் கட்டிவிட்டு ஆண்ட்ராய்டே வாங்கிவிடவா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இன்னொருவருடைய போனிலோ, ஒரு சாதாரண அலாரம் கடிகாரத்திலோ இன்றிரவே 5 மணிக்கு அலாரம் வைத்துவிடுங்கள். கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்து, பல நாள் சோதித்து, உங்களுக்கு முழு நம்பிக்கை வந்த பிறகும் அந்த இரண்டாவது அலாரம் இருக்கட்டும். அம்மா அன்று எழ முடியாமல் கிடந்ததைப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு போனை நம்பி மாத்திரை நேரத்தை வைக்கக் கூடாது, அது எந்தக் கம்பெனிப் போனாக இருந்தாலும் சரி.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு தப்பு என்று பாருங்கள்

கடிகாரம் தப்பாக ஓடினால் நான் முதலில் கேட்பது, எவ்வளவு தப்பு என்றுதான். அந்த அளவே பாதி விடையைச் சொல்லிவிடும். வருஷக் கணக்கில் தப்பு என்றால் உள்கடிகாரத்துக்கு மின்சாரம் போயிருக்கிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பு என்றால் நேர மண்டலக் குழப்பம். சில நிமிடங்கள் மட்டும் தப்பு என்றால் போன் வெகுநாளாக வெளியே யாரிடமும் மணி கேட்கவில்லை. உங்களுக்கு முதல் இரண்டும் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன.

போனுக்குள் ஆர்டிசி என்று ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. போன் அணைந்திருந்தாலும் பேட்டரியிலிருந்து துளி மின்சாரம் எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பேட்டரியை ஓர் இரவு முழுக்கக் கழற்றி வைத்ததில் அது நின்று, ஆரம்பப் புள்ளிக்குப் போய்விட்டது. யூனிக்ஸ் வழிவந்த எல்லா அமைப்புகளுக்கும் அந்த ஆரம்பப் புள்ளி 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 12 மணி. அந்த நொடியில் இந்தியாவில் மணி காலை 5:30. நீங்கள் பார்த்தது 5:31. அதாவது போன் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நேர மண்டலம் தப்பாக இருந்திருந்தால் நீங்கள் 12:01 என்று பார்த்திருப்பீர்கள். 5:31 வந்ததே, மண்டலம் சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. பேட்டரியும் குற்றமில்லை. பைன்போனை ஜே7 பேட்டரி பொருந்தும்படியேதான் வடிவமைத்தார்கள்.

இணையதளங்கள் திறக்காததும் இதே காரணத்தால்தான். ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் போன் 1970-ல் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவை. அதனால் எல்லாவற்றையும் மறுக்கிறது. வைஃபையைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து ஐந்தரை மணி நேரம். லினக்ஸில் உள்கடிகாரம் உலகப் பொது நேரத்தில்தான் ஓட வேண்டும். போன் எழும்போது அதைப் படித்து, ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் திரையில் காட்டும். நீங்கள் உள்கடிகாரத்திலேயே நம் நேரத்தை ஏற்றிவிட்டீர்கள். போன் அதன்மேல் இன்னொரு ஐந்தரையைக் கூட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்கிறவரை தெரியாமல் இருந்ததும் அதனால்தான். உள்கடிகாரத்தைப் போன் படிப்பது எழும்போது மட்டும். அதன்பிறகு தன் கணக்கில் ஓட்டிக்கொள்ளும். விண்டோஸ் கணினிகள் உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைப்பது வழக்கம். உங்களுக்குக் கட்டளை சொன்னவர் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

சரிசெய்ய இனி எந்தக் கட்டளையும் தேவையில்லை. செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய்த் தானியங்கி நேரத்தைப் போடுங்கள். வைஃபையில் ஒரு அரை மணி நேரம் விட்டுவையுங்கள். வெளியிலிருந்து சரியான நேரம் கிடைத்ததும் லினக்ஸின் மையக்கருவான கெர்னல் அதை 11 நிமிடங்களுக்கு ஒருமுறை உள்கடிகாரத்திலும், உலகப் பொது நேரமாகவே, எழுதிவைக்கும். அப்புறம் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். நேரம் அப்படியே நிற்க வேண்டும். அப்போதும் ஐந்தரை மணி முந்தினால், உள்கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுகிறது என்று எங்கோ அமைப்புக் கோப்பில் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று திருத்தினால் தீரும்.

தானியங்கி நேரத்தில் உங்கள் விவரம் போகுமே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் என்ன போகிறது என்று பாருங்கள். போன் என்டிபி என்ற நேரம் கேட்கும் முறையில் அனுப்பும் கேள்வி வெறும் 48 பைட். மணி என்ன என்ற கேள்வி மட்டும்தான் அதில் இருக்கிறது. உங்கள் பெயர், எண், தொடர்புகள் எதுவும் இல்லை. எந்த ஐபி முகவரியிலிருந்து கேட்டார்கள் என்று அந்த சர்வருக்குத் தெரியும். இணையத்தில் எதைத் தொட்டாலும் அந்த அளவு தெரியத்தான் செய்யும். மனசு ஒப்பவில்லை என்றால் கேட்கிற இடத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்திய நேரத்தைக் காத்துவரும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமே இணைய வழியாக நேரம் தருகிறது. அதன் சர்வரை உங்கள் போனில் எழுதிக்கொள்ளலாம். யாரைக் கேட்பது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம் என்பதற்குத்தானே இந்த மாதிரிப் போன் வைத்திருக்கிறோம்.

தானியங்கி நேரம் வேறு, தானியங்கி நேர மண்டலம் வேறு. முதலாவதைப் போடுங்கள், இரண்டாவதை அணையுங்கள். இரண்டாவது வேலை செய்ய, போன் தான் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸ் போன்கள் அதற்காகப் பல வருஷம் நம்பியிருந்தது மொசில்லா நடத்திவந்த இடமறியும் சேவையை. அது 2024-ல் மூடப்பட்டது. பழைய பதிப்பு ஓடும் போன்கள் இன்னும் அந்த மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் தினம் தினம் நாடு விட்டு நாடு போவதில்லை. மண்டலத்தைக் கையால் ஒருமுறை வைத்துவிட்டால் போதும்.

எதை வைப்பது? கொல்கத்தாவையேதான். உலகம் முழுவதும் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் இந்தியா முழுமைக்கும் ஒரே பெயர் ஆசியா/கொல்கத்தா. மண்டலத்துக்குள் இருக்கும் பெரிய நகரத்தின் பெயரை வைப்பது அந்தப் பட்டியலின் வழக்கம். காஷ்மீரானாலும் கன்னியாகுமரியானாலும் அதுதான்.

உங்கள் சந்தேகம் வீணானது இல்லை. ஒரு காலத்தில் கொல்கத்தா நேரம் உண்மையிலேயே வேறாக இருந்தது, இந்திய நேரத்தைவிடச் சுமார் 23 நிமிடம் முந்தி. இந்தியப் பொது நேரம் 1906 ஜனவரி 1-ல் வந்தது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில், நம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தைக் கொண்டு கணித்த நேரம் அது. கொல்கத்தா என்று பெயர் போட்ட அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் 1870 முதல் 1906 வரைக்கும் உரிய வரியில் மெட்ராஸ் நேரம் இருக்கிறது, 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்று. பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டுங்கள், கண் விரியப் பார்ப்பார்கள். பெயர் கொல்கத்தாவாக இருந்தாலும் உள்ளே நம் ஊர் இருக்கிறது.

கால் வருகிறது, அலாரம் ஏன் வரவில்லை

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அலாரம் அடித்த மூன்று நாளும் போன் சார்ஜரில் இருந்தது. அடிக்காத முதல் நாள் சார்ஜர் மாட்ட மறந்துவிட்டீர்கள். இரண்டாவது நாள் மாட்டித்தான் இருந்தது, ஆனால் ராத்திரி கரண்ட் போய் விடிந்த பிறகுதான் வந்தது. முழுக் கதையும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

பேட்டரியில் ஓடும்போது சும்மா கிடந்தால் உங்கள் போன் சில நிமிடங்களில் சஸ்பெண்ட் ஆகிவிடும். திரை அணைவது வேறு, இது வேறு. பிரதான சிப்பே வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். ஓடிக்கொண்டிருந்த செயலிகள் எல்லாம் போட்டது போட்டபடி உறைந்துவிடும். கடிகாரச் செயலியும் அதில் ஒன்று. 5 மணிக்கு எழுப்பு என்று நாம் சொல்லிவைத்த ஆளே தூங்கிவிட்டால் யார் எழுப்புவது?

கால் வருவது எப்படி என்றால், போனை செல் கோபுரத்தோடு இணைக்கும் மோடம் தனி ஆள். பைன்போனில் அது குவெக்டெல் நிறுவனத்தின் தனிச் சிப், தனக்கென்று ஒரு சின்ன கணினியையே உள்ளே வைத்திருக்கிறது. பிரதான சிப் தூங்கினாலும் மோடம் விழித்திருந்து கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கும். கால் வந்ததும் ஒரு கம்பி வழியாகச் சிப்பைத் தட்டி எழுப்பும். எழுந்து, கண்ணைக் கசக்கி, மணி அடிக்கச் சில நொடி ஆகும். மற்றவர்கள் கூப்பிடும்போது உங்கள் போன் கொஞ்சம் தாமதமாக ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆக, கால் வருவதை வைத்து அலாரமும் வந்துவிடும் என்று கணக்குப் போட முடியாது. இரண்டுக்கும் எழுப்புகிற ஆள் வேறு வேறு.

அலாரத்துக்கு எழுப்பக் கூடிய ஆள் ஆர்டிசிதான். தூங்கப் போவதற்கு முன் அதனிடம், இன்ன நேரத்துக்கு என்னைத் தட்டு என்று சொல்லிவிட்டால் அது தட்டும். அந்தத் திறமை உங்கள் போனில் இருக்கிறது. சொல்லிவைக்கிற பழக்கம்தான் நீங்கள் பயன்படுத்தும் க்னோம் கடிகாரச் செயலிக்கு இல்லை. மேசைக் கணினிக்கு எழுதிய செயலி அது.

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, சஸ்பெண்டையே நிறுத்துவது. செட்டிங்ஸில் பவர் பகுதியில் தானாகச் சஸ்பெண்ட் ஆவதற்கு இரண்டு சுவிட்ச் இருக்கும், சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஒன்று. பலரும் சார்ஜருக்கு உரியதை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். கரண்ட் போன நொடியே போன் பேட்டரி விதிக்கு மாறிவிடும், பிறகு சஸ்பெண்ட். உங்களுக்கு நடந்தது அதேதான். இரண்டையும் அணையுங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பது இதில் உள்ள கஷ்டம். பகலில் வெளியே போகும்போது பேட்டரி சுவிட்சை மறுபடி போட்டுக்கொள்ளலாம், ராத்திரி மறக்காமல் அணைக்க வேண்டும். மறதி நுழைய இடம் இருக்கிறது என்பதால் இதைத் தற்காலிக வழி என்றே சொல்வேன்.

இரண்டாவது, ஆர்டிசியிடம் சொல்லிவைக்கத் தெரிந்த செயலிக்கு மாறுவது. லினக்ஸ் போனுக்கென்றே எழுதிய பேர்டி என்ற அலாரம் செயலி இருக்கிறது. ஃபோஷுக்குப் பதில் பிளாஸ்மா மொபைல் திரையைப் போட்டுக்கொண்டால் அதில் வரும் கேகிளாக், தூங்கும் போனை எழுப்பும்படியே எழுதப்பட்டிருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்வது இந்த வழி. பேர்டியில் ஆரம்பியுங்கள். திரையையே மாற்றுவது பெரிய வேலை, பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மேலே முதலில் சொன்ன தனிக் கடிகாரம். அது மற்ற இரண்டுக்கும் மாற்று இல்லை, கூடவே இருக்க வேண்டியது.

எதைச் செய்தாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். டெர்மினலில் ஆர்டிசி வேக் என்ற கட்டளை உண்டு. 60 நொடி கழித்து எழு என்று சொல்லி அதன் மூலம் போனைத் தூங்கவைத்தால், கையே வைக்காமல் ஒரு நிமிடத்தில் தானாக எழ வேண்டும். எழுந்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது. அடுத்து, செயலியில் 20 நிமிடம் கழித்து அலாரம் வைத்து, சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, போனை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது, திரையைப் போட்டால் விழித்துக்கொள்ளும், சோதனை வீண். இன்னொன்று, அலாரம் அடித்தும் கேட்காமல் போவதும் உண்டு. ஃபோஷில் மேலிருந்து இழுத்தால் வரும் பட்டியலில் ஒலி நிலை மூன்று இருக்கிறது, முழுமை, அமைதி, மௌனம். வகுப்புக்குப் போகும்போது மௌனத்தில் போட்டதை வீட்டுக்கு வந்து மாற்றினீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனாரின் மல்லாரி

எம்பி3-க்குக் காப்புரிமை இருந்தது உண்மை. 2017-லேயே அது முடிந்துவிட்டது, உரிமம் கொடுத்துவந்தவர்களும் அந்த ஏற்பாட்டை மூடிவிட்டார்கள். உங்கள் போனிலேயே பாட்டுச் செயலியில் அந்த மல்லாரி தடையில்லாமல் ஓடும், ஓட்டிப் பாருங்கள். ரிங்டோனில் வராததற்குக் காரணம் வேறு. ஃபோஷ் ரிங்டோனை ஒரு தனிக் கோப்பாகப் பார்ப்பதில்லை, ஒலித் தொகுப்பின் ஒரு பகுதியாகப் பார்க்கிறது. கால் வந்தால் இந்தப் பெயருள்ள கோப்பு, குறுஞ்செய்தி வந்தால் அந்தப் பெயருள்ள கோப்பு என்று பெயரை வைத்துத் தேடும். அந்தத் தொகுப்புக்கான பொது விதியில் ஓஜிஜி வகையும் வேவ் வகையும்தான் இருக்கின்றன. எம்பி3 அந்த விதியில் சேர்க்கப்படவில்லை, யாரும் வேண்டுமென்று தடுக்கவில்லை.

கோப்பின் பெயர்க் கடைசியை, ஓஜிஜி ஒலிக் கோப்புக்கு வைக்கும் ஓஜிஏ என்று மாற்றி வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் டின்னில் நெய் என்று சீட்டு ஒட்டினால் நெய்யாகிவிடாது. உள்ளே இருப்பது இன்னும் எம்பி3-தான். உண்மையாகவே மாற்ற வேண்டும். பள்ளிக் கணினியில் ஒலியை வெட்டித் திருத்தும் ஆடாசிட்டி செயலி இருக்கும், இல்லாவிட்டால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் மல்லாரியைத் திறந்து, வேண்டிய பகுதியை வெட்டி, ஓஜிஜி வோர்பிஸ் வகையில் சேமியுங்கள்.

அடுத்து அதை வைக்கும் இடம். போனின் பொது அமைப்புக்குள் இருக்கும் ஒலிக் கோப்பையே மாற்றி வைத்தால் வேலை நடக்கும், ஆனால் அடுத்த அப்டேட்டில் பழைய பீப் சத்தம் திரும்பி வந்துவிடும். அதனால் அங்கே கை வைக்காதீர்கள். பொது அமைப்பின் சவுண்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஃப்ரீடெஸ்க்டாப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே நகல் எடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் சவுண்ட்ஸ் என்ற ஃபோல்டரில் வையுங்கள். சவுண்ட்ஸ் இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்ளுங்கள். நகலுக்கு மல்லாரி என்று ஆங்கில எழுத்தில் புதுப் பெயர் கொடுங்கள். உள்ளே இருக்கும் இண்டெக்ஸ் கோப்பிலும் பெயர் என்ற வரியில் அதையே எழுதுங்கள். ஸ்டீரியோ என்ற உள் ஃபோல்டரில் போன் இன்கமிங் கால் என்று, சின்ன எழுத்தில், நடுவில் கோடு போட்ட பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதை அழித்துவிட்டு, அச்சாக அதே பெயரில் உங்கள் மல்லாரியை வையுங்கள். கடைசியாக, உள் அமைப்புகளை மாற்ற உதவும் டீகான்ஃப் எடிட்டர் செயலியில் க்னோம், டெஸ்க்டாப், சவுண்ட் என்று போனால் தீம் பெயர் கேட்கும் இடம் வரும், அங்கே உங்கள் புதுப் பெயரைக் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எந்தப் பகுதியை வெட்டுவது என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். உங்கள் பதிவில் முதல் அரை நிமிடம் தவில் மட்டும், அதற்குப் பிறகுதான் நாகஸ்வரம் சேருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போன் எழவே சில நொடி ஆகும், அதற்கப்புறம் அரை நிமிடம் தவில் என்றால், மாமனார் வாசிப்பு வருவதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார். இன்னொன்று, போனின் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. தவிலின் தொப்பிப் பக்கத்து நாதம் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும், வலந்தலையின் சொற்கள் மட்டும் தட்டுத் தட்டென்று கேட்கும். நாகஸ்வரம் அப்படியில்லை. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலும் அதன் நாதம் நிறைந்திருக்கிறது. எவ்வளவு சின்ன ஸ்பீக்கரிலும் ஓங்கி வரும். அதனால் நாகஸ்வரம் மேலே ஏறிப் பிடிக்கும் இடத்திலிருந்து 20 நொடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்பீக்கர்தான் என்பதால் மோனோவாக்குங்கள். கோயில் பிராகாரத்து இரைச்சல் பின்னால் இருக்கும், ஒலி அளவை ஒரேயடியாக ஏற்றினால் அதுவும் ஏறும். நிதானமாக, கேட்டுக் கேட்டு ஏற்றுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மல்லாரியை அலாரத்துக்கு வைத்துவிடாதீர்கள். விடியற்காலையில் தினமும் தூக்கத்தைக் கலைக்கும் சத்தம் எதுவாக இருந்தாலும் கொஞ்ச நாளில் அதன்மேல் வெறுப்பு வந்துவிடும். அந்தக் கதி அவர் வாசிப்புக்கு வர வேண்டாம். அலாரத்துக்கு இனிமை தேவையில்லை. வயதாக ஆகக் காது முதலில் இழப்பது கீச்சென்ற உச்ச ஒலிகளைத்தான். அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதிகளில் படுக்கையறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் என்ற, ஓரளவு தாழ்ந்த, கரகரப்பான ஒலியைச் சொல்லியிருக்கிறார்கள். காது மந்தமானவர்களைக் கீச்சொலியைவிட அது நன்றாக எழுப்புகிறது என்று கண்டுபிடித்ததால் வந்த விதி அது. ஆடாசிட்டியிலேயே 520 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒன்றை உருவாக்கி, அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம் என்று அமைத்து அலாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்காது, எழுப்பிவிடும்.

போனை விட்டுவிடலாமா

தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் இது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெளிவாக இருக்க வேண்டும். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், ஃபோஷ் எல்லாமே எந்த உத்தரவாதமும் இல்லை என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுக்கப்படுபவை. அலாரம் அடிக்கவில்லை என்று வழக்குப் போட இங்கே எதிராளி கிடையாது. அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைத்திருப்பது, மூல நிரலைப் பார்க்கவும் மாற்றவும் உரிமை. உங்களைப் போன்ற ஆசிரியர் கையில் அது சின்ன விஷயமில்லை. திறந்த மூலம் என்றால் போன் முழுவதும் திறந்தது என்றும் நினைக்க வேண்டாம். நான் மேலே சொன்ன மோடத்தின் உள்மென்பொருளில் மூடிய பகுதிகள் இருக்கின்றன.

அம்மாவுக்கு அவசரம் என்றால் கூப்பிட, வங்கிச் செயலிக்கு, மருத்துவமனைச் செயலிக்கு ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு வீட்டில் இருக்கட்டும். வாங்குவதானால் லினேஜ் ஓஎஸ் என்ற திறந்த மூல ஆண்ட்ராய்டு வகையைப் போடக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள், பின்னால் உங்கள் விருப்பத்துக்கு வழி இருக்கும். ஆண்ட்ராய்டின் அடியிலும் லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது. ஆனால் அலாரத்துக்குத் தூக்கத்திலிருந்து எழுவது அதில் அடிப்படையிலேயே சேர்க்கப்பட்ட வேலை. எம்பி3-யும் ரிங்டோன்ஸ் ஃபோல்டரில் போட்டாலே எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் கவனித்த அந்த விஷயத்தை, சார்ஜரில் அடிக்கிறது, கரண்ட் போனால் அடிப்பதில்லை என்பதை, செயலியை எழுதியவர்களுக்குப் பிழை அறிக்கையாக எழுதுங்கள். போன் மாடல், ஓஎஸ் பதிப்பு, எத்தனை நாள், எந்தெந்த நாள் என்று எனக்கு எழுதியது போலவே எழுதினால் போதும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

இன்று மாலை பள்ளி விட்டு வந்ததும் தானியங்கி நேரத்தைப் போட்டுவிட்டு அந்த 20 நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். மல்லாரியை வெட்டி முடித்ததும், மாமனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேறு போனிலிருந்து ஒரு கால் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.